விளையாட்டுக்கும் வடிவமைப்புக்கும் ஏற்ற அழகான மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றைக் கையைக் கடிக்காத விலையில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பணத்தின் பெரும்பகுதியை மானிட்டருக்கே ஒதுக்குங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கிறது. 144 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 7 மில்லிநொடியாகக் குறைவதால், விளையாட்டில் அசைவுகள் தெளிவாகத் தெரியும். ஆனால் வடிவமைப்புக்கு வேகத்தைவிட நிறமே முக்கியம் என்பதால், ஐபிஎஸ் (நிறங்களை நன்றாகக் காட்டும் திரை வகை) என்ற பெயரை மட்டும் நம்பிவிடாமல், விவரக்குறிப்பில் 45% என்டிஎஸ்சி (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான ஓர் அளவு) என்று குறைவாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அத்தகைய திரையில் நீங்கள் தீட்டும் அடர்சிவப்பு வெளிறித்தான் தெரியும். கணினியிலும் இணையத்திலும் வழக்கமான நிறத்தொகுப்பான எஸ்ஆர்ஜிபி 99% என்றிருந்தால் தாராளமாக வாங்கலாம்.

கீபோர்டில் வண்ண விளக்குகள் (அவை எனக்கும் பிடிக்கும்தான்) இரண்டாம் பட்சமே. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆன விசைமூடிகள் விரல் பட்டுப் பட்டு எண்ணெய் தடவியதுபோல் மினுங்கத் தொடங்கும். பிபிடி என்ற மற்றொரு பிளாஸ்டிக்கால் ஆன மூடிகளோ நெடுநாள் சொரசொரப்பு மாறாமல் இருக்கும். மவுஸ் கைக்கு அடக்கமாக இருந்தால் போதும்.