30-க்கு 18: அம்மாவுக்கு மறதி நோயா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். ஒரு மருத்துவ முகாமில் பத்து நிமிடம் கேள்வி கேட்டு, 30-க்கு 18 மார்க் போட்டு, ‘டிமென்ஷியா ஆரம்பம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆனால் தெருவில் 12 பேர் சேர்ந்த சீட்டுக் கணக்கு முழுவதும் இன்னமும் அவர் மனதில்தான் இருக்கிறது. எதை நம்புவது டாக்டர்?
— வாசகி, விருதுநகர்

பதில்: அந்த மார்க் எழுதிய காகிதத்தை எடுத்து ஓரமாக வையுங்கள் அம்மா. முதலில் அவரைச் சாப்பிட வையுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது எம்.எம்.எஸ்.இ. என்கிற, ஞாபகத்தையும் கவனத்தையும் 30 மார்க்குக்குச் சோதிக்கும் பரிசோதனையாக இருக்கலாம். 1975-இல் அமெரிக்காவில் உருவானது. 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க 5 மார்க். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. ஸ்லேட்டோடு பழக்கம் விட்டுப்போனவருக்கு இந்த எட்டும் தொடக்கத்திலேயே போய்விடும். தேதி கேட்டால் ‘ஆடி, அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள்’ என்பார். அதற்கும் மார்க் இல்லை என்று வைக்கிறவர்கள் உண்டு!

என்னிடம் வந்த ஒரு கீரைக்காரப் பாட்டி, பென்சிலைக் கோலப்பொடி எடுப்பதுபோல் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். பேப்பரில் வைத்ததும் முனை உடைந்தது. “என்னைய எதுக்குப்பா பள்ளிக்கூடத்துல சேக்குற?” என்றார். அன்றைக்கு அவருக்கு 16 மார்க்.

அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இதே பரிசோதனையைச் செய்து பார்த்து, 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பது வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களில் நடுமதிப்பு (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) 29. நான்கு வருடம்வரை படித்தவர்களுக்கு 22. ஆனால் 24-க்குக் கீழே வந்தால் சந்தேகப்படு என்பதுதான் பொதுவான வழக்கம். ஹரியானாவின் பல்லப்கரில் இதற்காகவே கேள்விகளை மாற்றினார்கள்: கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லுங்கள், படிப்பதற்குப் பதில் என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள், எழுதுவதற்குப் பதில் உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட உருப்படியான திருத்தம் குறைவு.

சரி, சீட்டுக் கணக்கு நன்றாக இருக்கிறதே, அப்படியானால் நோயே இல்லையா? அப்படியும் சொல்ல மாட்டேன். பல வருடம் கைபழகிய கணக்கு, மறதி தொடங்கிய பிறகும் சில காலம் ஓடலாம். இதற்கு நேர்மாறாக, 29 மார்க் வாங்கிய ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், அதே வாரம் தன் வீட்டுத் தெரு தெரியாமல் நின்றார்.

அதனால் அம்மாவை அம்மாவின் பழைய நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட என்ன மாறியிருக்கிறது? புதிதாகச் சீட்டில் சேர்ந்தவர் பெயர் நிற்கிறதா? காலை மாத்திரையைப் போட்டுவிட்டு மறுபடி போடுகிறாரா? சொன்னதையே அரை மணியில் திரும்பச் சொல்கிறாரா? இரண்டு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டு, நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவரிடம் போங்கள். வைட்டமின் பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், மனச்சோர்வும் மறதிபோல் வேஷம் போடும்.

அப்புறம், முகாமுக்கு அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு போனாரா? காது சரியாகக் கேட்கிறதா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.