முத்திரையைக் கொடுத்துவிட்டவர்

அன்புள்ள ஐயா,

பதினோரு வருடங்களாக இயந்திர வடிவமைப்பில் வேலை செய்கிறேன். சொந்தமாக ஒரு கருவி செய்து வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஓராண்டாகப் பெரிய தொழிலதிபர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தேடித்தேடி வாசிக்கிறேன். எல்லோரும் ஒருநாள் துணிந்து தனியாகக் கிளம்பியிருக்கிறார்கள். எனக்கும் அந்தத் துணிச்சல் வந்துவிட்டது. ஆனால் விற்பது, பணம் கேட்பது என்றால் நாக்கு எழுவதில்லை. நண்பர் ஒருவர், "அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், பாதிப் பங்கு கொடு" என்கிறார். செய்தவன் நான், அவருக்கு எதற்குப் பாதி? மனம் ஒப்பவில்லை. நான் யாரை முன்மாதிரியாகக் கொள்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் வாசித்த புத்தகங்களின் அட்டையில் ஒரே ஒருவர் படம்தான் இருந்திருக்கும். தனியாகக் கிளம்பினார்கள் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது.

ஹோண்டா வண்டிக் கம்பெனியைத் தொடங்கிய சொய்சிரோ ஹோண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போலவே கைவேலைக்காரர். போர் முடிந்த மறுவருடம், 1946இல், ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சின்ன இன்ஜின்களை வாங்கிச் சைக்கிளில் பொருத்தி விற்றார். அதை முதலில் ஓட்டிப் பார்த்தவர்களில் அவர் மனைவியும் ஒருவர். 1948இல் கம்பெனி தொடங்கியாயிற்று, வண்டிகளும் வெளியே போயின. கடைக்காரர்களிடமிருந்து பணம்தான் ஒழுங்காகத் திரும்பி வரவில்லை. செய்யத் தெரிந்த அளவுக்கு அவருக்கு வசூலிக்கத் தெரியாது.

1949இல் டக்கேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். மரத்தொழில் செய்துகொண்டிருந்தவர். இன்ஜின் வேலையை மட்டும் ஹோண்டா தன்னிடம் வைத்துக்கொண்டார். நிர்வாகம் முழுவதையும் விட்டுக்கொடுத்து, முத்திரையையும் கையில் கொடுத்துவிட்டார். ஜப்பானில் முத்திரை என்றால் கையெழுத்து. வெற்றுக் காசோலைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்குச் சமம்.

அந்த மனிதர் 1952இல் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். சைக்கிளின் பின்சக்கரத்தோரம் மாட்டக்கூடிய கப் (Cub) என்ற சின்ன இன்ஜினை ஹோண்டா செய்திருந்தார். வெள்ளை டேங்க், சிவப்பு இன்ஜின், பார்க்க அழகாக இருக்கும். விற்கக் கடைகள் இல்லை. மோட்டார் சைக்கிள் விற்பவர்கள் நாடு முழுவதும் சில நூறு பேர்தான். ஃபுஜிசாவா அவர்களை விட்டுவிட்டு, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் போட்டார். "ரஷ்ய–ஜப்பான் போருக்குப் பிறகு உங்கள் முன்னோர் துணிந்து சைக்கிள் விற்கத் தொடங்கினார்கள். இன்று வாடிக்கையாளர்கள் இன்ஜின் வைத்த சைக்கிள் கேட்கிறார்கள். அந்த இன்ஜின் எங்களிடம் இருக்கிறது, உங்களுக்கு விருப்பமா?" என்பது அதன் சாரம். கடைக்காரரின் தாத்தாவை நினைவுபடுத்தி ஆரம்பிக்கிறார், பாருங்கள்! முப்பதாயிரம் பேர் பதில் எழுதினார்கள். அடுத்த கடிதத்தில் விலை: கடைக்கு 19,000 யென், வாடிக்கையாளருக்கு 25,000 யென். பணத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். பெயர் தெரியாத கம்பெனிக்கு எப்படி முன்பணம் அனுப்புவது என்று தயங்குவார்களே, அதற்காக வங்கிக் கிளை மேலாளரின் பெயரிலும் ஒரு கடிதம் போகும்படி ஏற்பாடு செய்தார். வசூல் வராமல் தவித்த கம்பெனிக்குச் சரக்கு போகும் முன்பே பணம் வந்தது.

உங்கள் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். கப் இன்ஜினைச் செய்தவர் ஹோண்டா. அந்தத் தொழிலைச் செய்தவர் யார்?

இன்னொன்று. அறுபதுகளின் இறுதியில் கார் இன்ஜினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்று ஹோண்டா ஒற்றைக்காலில் நின்றார். இளம் பொறியாளர்கள் தண்ணீர்தான் சரி என்றார்கள்; அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை. ஃபுஜிசாவா போய், நீங்கள் கம்பெனித் தலைவராக இருக்கப்போகிறீர்களா, பொறியாளராக இருக்கப்போகிறீர்களா என்று கேட்டார். தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஹோண்டா இறங்கிவந்தார். சம்பளத்துக்கு வைத்த விற்பனை மேலாளர் இதைக் கேட்டிருக்க முடியுமா? 1973இல் இருவரும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள்.

ஆப்பிளில் ஜாப்ஸ், வோஸ்னியாக் பெயர் தெரிந்த அளவுக்குப் பணமும் வழியும் கொண்டுவந்த மைக் மார்க்குலாவைத் தெரியாது. பர்கர் கடையான மெக்டொனால்ட்ஸின் கதை இன்னும் விசித்திரம். சமையலறையை ஒழுங்குபடுத்தியவர்கள் மெக்டொனால்ட் சகோதரர்கள், பரப்பியவர் ரே க்ராக். ஆனால் அந்தப் பெயரில் கிளை நடத்திய மற்றவர்களின் விற்பனையில் 1.9 சதவீதம்தான் க்ராக்குக்கு, அதிலும் 0.5 சகோதரர்களுக்குப் போய்விடும். பர்கரை நம்பியிருந்தால் மூழ்கியிருப்பார். இடத்தை நாம் குத்தகைக்கு எடுத்துக் கிளைக்காரருக்கு வாடகைக்கு விடுவோம் என்று யோசனை சொன்னவர் க்ராக்கின் பணவிவகாரங்களைப் பார்த்துக்கொண்ட ஹாரி சோன்போர்ன். 1967இல் க்ராக்கோடு மனக்கசப்பாகி அவர் வெளியேறியதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா ஜோடியும் ஹோண்டா–ஃபுஜிசாவா ஆகிவிடாது.

எனக்கே பட்டிருக்கிறது. இளவயதில் நண்பரோடு சேர்ந்து பதிப்பகம் நடத்தினேன். இருவரும் மெய்ப்பு பார்ப்போம், அட்டையைப் பற்றி நள்ளிரவு வரை சண்டை போடுவோம். பில் போட ஆள் இல்லை. இரண்டு வருடத்தில் மூடினோம்.

ஆகவே பாதி அதிகமில்லை, நண்பர் அந்த வேலையைச் செய்பவராக இருந்தால். அதை இன்றே எப்படி அறிவது? வேலையை விடாதீர்கள். பங்கையும் வாய்ச்சொல்லில் கொடுத்துவிடாதீர்கள். கருவியில் பத்து செய்து அவரிடம் கொடுங்கள், ஆறு மாதம் தவணை. பத்துக்கும் பணம் வந்தால் வக்கீலிடம் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் கடைகளுக்கு எழுதும் முதல் கடிதத்தின் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். படித்துப் பார்க்க ஆசை.