காற்றாலைகளால் நன்மையா, தொல்லையா?

மதுரையிலிருந்து தேனி போகிறவர்கள், ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டித் தென்படும் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காற்று இறக்கையைத் தள்ளுகிறது, இறக்கை ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது, மின்சாரம் வருகிறது. அவ்வளவுதான் காற்றாலை.

நிலக்கரி வேண்டாம், புகை இல்லை. கோபுரத்தைச் சுற்றிச் சோளம் விதைக்கலாம், ஆடு மேய்க்கலாம்.

சிக்கல் காற்றின் குணத்தில் இருக்கிறது. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும்! அதனால்தான் மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிகளில் நெருக்கியடித்து வரும்போது மின்சாரம் கொட்டுகிறது. பங்குனியில் பல நாள் இறக்கை சோம்பி நிற்கிறது. மானாவாரி வெள்ளாமை மாதிரிதான். கிணறு இருந்தால் நினைத்தபோது மோட்டார் போடலாம், இதில் முடியாது. பேட்டரியில் சேமிக்கலாம், ஆனால் செலவு பிடிக்கும். அதனால் அனல்மின் நிலையத்தையும் கைவசம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பறவைகள் அடிபடுவதும், அருகில் குடியிருப்பவர்களுக்கு ராத்திரியில் கேட்கும் 'உஸ் உஸ்' சத்தமும் உண்மையான குறைகள்தான். இடத்தைப் பார்த்து வைத்தால் பெருமளவு குறையும். என் கணக்கில் நன்மையே கூடுதல்.

அப்புறம், காற்றாலை மேகத்தைக் கலைத்து மழையைக் கெடுக்கிறது என்கிறார்களே, அது சரியல்ல: மழை மேகங்கள் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்தவை, இறக்கை நுனி எட்டுவது அதிகம் போனால் இருநூறு சொச்சம் மீட்டர்தான், ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளப் பக்கம் இறக்கிவிட்டுத்தான் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி நம் பக்கம் வருகிறது.