காறை எலும்பு: இடதா, வலதா?

கேள்வி: ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். இப்போது பிசியோதெரபி முதலாண்டு. அனாட்டமி புத்தகத்தை மூன்று தடவை முழுசாக வாசித்துவிட்டேன். ராத்திரி ஒப்பித்தது, காலையில் ரயில் சயானைத் தாண்டுவதற்குள் பாதி மறந்துபோகிறது. முதல் தேர்வில் 50க்கு 14. தமிழில் படித்து வந்தவளுக்கு இது ஏறாதா, டீச்சரம்மா?
– மாணவி, தாராவி, மும்பை

பதில்: ஏறும், தங்கம். உன் தமிழ்ப் பள்ளிமேல் பழி போடாதே. இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை லத்தீனும் கிரேக்கமும். மாட்டுங்காவில் கான்வென்ட் படித்த பிள்ளைகளுக்கும் அவை புதுசுதான்.

என் முதல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தேர்வாளர் ஒரு காறை எலும்பைக் கையில் கொடுத்து, "இடதா, வலதா?" என்றார். அதில் ஒட்டும் தசைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த எலும்பை அதுவரை தொட்டதே இல்லை. பதில் வராமல் அழுதுவிட்டேன். அன்று சாயங்காலம், எலும்புப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மராட்டிய அண்ணா ஒருவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, விரலைப் பிடித்து எலும்பின் மேல் நடத்தினார். திரண்ட முனை நெஞ்சுப் பக்கம். தட்டை முனை தோள் பக்கம். நெஞ்சை ஒட்டிய வளைவு முன்னால் புடைக்கும். நடுவில் பள்ளம் ஓடுவது அடிப்பக்கம். பிறகு 34 வருஷம் நானும் அதே வரிசையில்தான் சொல்லிக்கொடுத்தேன். காறை என்பது நம் பாட்டிமார் கழுத்தில் பூண்ட நகை. அது கிடந்த இடத்தைத் தொட்டுப் பார், எலும்பு தட்டுப்படும்.

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள். பெயர்களைப் பிரித்தால் பொருள் தெரியும்: ஸ்கேஃபாய்டு படகு, லூனேட் பிறை, பிசிஃபார்ம் பட்டாணி, ஹாமேட் கொக்கி. உள்ளங்கை அடியில், சுண்டுவிரல் பக்கம் கெட்டியாக ஒரு குமிழ் இருக்கிறதே, அதுதான் பட்டாணி. கட்டைவிரலை நிமிர்த்து, அதன் அடியில் ஒரு குழி விழும். அந்தக் குழியின் தரைதான் படகு. கையை ஊன்றி விழுந்தவருக்கு அங்கே அழுத்தினால் வலிக்கிறதா, எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். இந்தப் படகு எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து வருவதால், முறிந்தால் மறுமுனைத் துண்டு பட்டினி கிடக்கும், ஒட்டத் தாமதமாகும். நாளைக்கு உன்னிடம் வரப்போகிற நோயாளியின் கை இது.

இன்னொன்று. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கு. நடுவில் நரம்புபோல் எழும்புவது பால்மாரிஸ் லாங்கஸ் தசையின் தசைநாண். எனக்கு வலக்கையில் உண்டு, இடக்கையில் கிடையாது. குறையொன்றும் இல்லை, சிலருக்கு அப்படித்தான். உன் தோழிகள் கையையெல்லாம் பார்த்துவிடு. புத்தகத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்: பழங்கால கிரேக்க மருத்துவர் கேலன் விலங்குகளை அறுத்து எழுதியதை 1,300 வருஷத்துக்கு மேல் நம்பினார்கள். 1543இல் உடற்கூறு ஆசிரியர் வெசேலியஸ் தன் கையால் அறுத்துப் பார்த்தவற்றை அச்சிட்ட பிறகுதான், மனிதக் கீழ்த்தாடை கேலன் சொன்னபடி இரண்டல்ல, ஒரே எலும்பு என்பது நிலைத்தது.

ஆகவே நாலாம் தடவை வாசிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மூட்டு போதும். உன் உடம்பில் தொடு, பார்க்காமல் வரை, அம்மாவுக்குத் தமிழில் சொல்லு. அம்மா கேட்கும் கேள்விக்குப் பதில் வராத இடத்தில் புத்தகத்தைத் திற.

கேள்வி: பிணம் அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன் ஹாலுக்குப் போய்வந்தால் மகள் சாப்பிடுவதே இல்லை. கண் எரிகிறது என்கிறாள்.
– ஒரு தாய், செம்பூர்

பதில்: எரிவது, உடல் கெடாமல் வைக்கும் ஃபார்மலினால். கான்டாக்ட் லென்ஸ் போடுபவள் என்றால் அன்றைக்குக் கண்ணாடி போடட்டும். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ராத்திரி கறியும் மீனும் வேண்டாம், தயிர்சாதம் போதும். எங்கள் வகுப்பில் முதல் நாள் எல்லோரும் மேசை முன்னால் கைகூப்பி நின்றுவிட்டுத்தான் கத்தியை எடுத்தோம். அவளிடமும் சொல்லிப் பாருங்கள், அம்மா. எனக்குப் பசி திரும்ப மூன்று வாரம் ஆயிற்று.