சாவிக்கொத்தை இறக்கி வையுங்கள்

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்துத் திருச்சபைக்குச் செயலாளராகி எட்டு மாதம் ஆகிறது. 110 குடும்பங்கள். கல்லறை இடம், மைக் செட், பாத்திர அறைச் சாவி, வீட்டுச் சண்டை என்று எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். இவ்வளவு ஓடியும், 'தன் ஆட்களுக்குத்தான் செய்கிறார்' என்று பேச்சு. அறுப்பின் பண்டிகை வேறு நெருங்குகிறது. விலகிவிடலாமா? வேதத்தில் இதற்கு வழி இருக்கிறதா?

பதில்: விலக வேண்டாம், சகோதரரே. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை இன்று இரவே எடுத்து வாசியுங்கள். மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒற்றை ஆளாக உட்கார்ந்து வழக்குத் தீர்க்கிறார். ஜனங்கள் கால் கடுக்க நிற்கிறார்கள். பார்க்க வந்த மாமனார் எத்திரோ அதை மெச்சவில்லை. 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' என்று நேராகவே சொல்கிறார். மோசே மட்டுமல்ல, ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். நீங்கள் வேலை முடிந்து வரும்வரை உங்கள் திண்ணையில் ஒருவர் காத்திருக்கிறாரே, அவரை நினைத்துப் பாருங்கள்.

பத்துப் பேருக்கு, ஐம்பது பேருக்கு, நூறு பேருக்கு, ஆயிரம் பேருக்கு என்று தலைவர்களை வை, பெரிய வழக்கு மட்டும் உன்னிடம் வரட்டும் என்பது எத்திரோ சொன்ன வழி. உபாகமம் முதல் அதிகாரத்தில் மோசே இதையே நினைவுகூரும்போது, ஆட்களைத் தெரிந்துகொள்ளும்படி ஜனங்களிடமே சொன்னதாகச் சொல்கிறார். ஆகவே தெருவுக்கு ஒருவரை அந்தந்தத் தெருவே சொல்லட்டும். நீங்கள் பொறுக்கினால் மறுபடியும் 'தன் ஆட்கள்' பேச்சுதான் வரும். புருஷன் பெண்டாட்டி சண்டை மட்டும் ஆயரிடம் போகட்டும், அது தெருவில் பேசும் விஷயம் அல்ல.

நம் வேலூரிலேயே பாருங்கள். 1900இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் நிறுவனர் டாக்டர் ஐடா ஸ்கடர், கடைசிவரை தானே எல்லாரையும் பார்த்துவிடலாம் என்று இருக்கவில்லை. 1909இல் நர்சிங் பள்ளி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று ஆட்களை உருவாக்கினார்.

அந்தப் பேச்சுக்கு வருவோம். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்திலும் இதே குறைதான். பந்தியில் தங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். சபை ஏழு பேரைத் தெரிந்துகொண்டது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு என்று போகும் அந்தப் பட்டியலைக் கவனியுங்கள், ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே கரண்டியைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

நான் இருந்த ஒரு சபையில் இதைக் கண்ணால் பார்த்தேன். பண்டிகைச் சாப்பாட்டில் கடைசிப் பந்திக்கு வெறும் குஸ்காதான் மிஞ்சும், அதில் எப்போதும் கடைசித் தெருக்காரர்களே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வருஷம் அண்டா பொறுப்பையே அந்தத் தெருவிடம் கொடுத்தோம். அவர்கள் கறியைத் தனியாக எடுத்துவைத்து, பந்திக்கு இவ்வளவு என்று முதலிலேயே பிரித்துவிட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

அப்புறம் கணக்கு. வேதத்தில் வரும் நெகேமியா, யூதாவுக்கு 12 வருஷம் அதிபதியாக இருந்தும் அதிபதிக்குரிய படிப்பணத்தை வாங்கவில்லை. நீங்கள் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டு வரும் பணத்தின் கணக்கை அன்று மாலையே எல்லார் முன்னிலும் வாசித்துவிடுங்கள்.

முதல் வேலையாக, கமிட்டியில் உங்களை எதிர்த்து அதிகம் பேசுகிறவர் யாரோ, வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாத்திர அறைச் சாவியை அவர் கையில் கொடுங்கள். ஒரு அண்டா குறைந்தாலும் பண்டிகை முடியும்வரை அதைத் திரும்பக் கேட்காதீர்கள்.