பதில்: புல்லட் 350-ஐ 8000 ஆர்பிஎம் வரை சுழற்ற முடியுமா?

கடினமான வால்வ் ஸ்பிரிங் (வால்வை மூடும் சுருள்) போட்டால் 8000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 8000 சுற்று, தாங்குமா, எஃப்1 இன்ஜின் மட்டும் எப்படி 20,000 போனது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த ஸ்பிரிங்கை வாங்காதீர்கள்.

உங்கள் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 90. எட்டாயிரத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 24 மீட்டர். 2006-இல் காஸ்வர்த் நிறுவனத்தின் 2.4 லிட்டர் வி8 எஃப்1 இன்ஜின் இருபதாயிரத்தைத் தொட்டபோதுகூட சுமார் 26.5 மீட்டர்தான்! காரணம், அதன் போர் 98, ஸ்ட்ரோக் 40-க்கும் சற்றுக் குறைவு. அதாவது ரேஸ் இன்ஜினுக்கான வேகத்தை ஒரு கனமான பிஸ்டனிடமும் அதைக் கிராங்க்கோடு இணைக்கும் நீளமான கனெக்டிங் ராடிடமும் கேட்கிறீர்கள். 5500-லிருந்து 8000 போனால் அவற்றின் மீதான விசை இரு மடங்கைத் தாண்டும்.

வால்வ் கதை தனி. உலோக ஸ்பிரிங்குக்கே எடை உண்டு. அதிவேகத்தில் சுருள்கள் தாமாகவே அதிர ஆரம்பித்து, வால்வ் அதைத் திறக்கும் கேமைப் பின்தொடராது. அதனால்தான் ரெனோ 1986-இல் தன் எஃப்1 இன்ஜினில் ஸ்பிரிங்கையே தூக்கிவிட்டு, அழுத்தப்பட்ட வாயுவை வைத்து வால்வை மூடியது. உங்களுடையதில் கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் புஷ்ராட் என்ற நீளக் கம்பி வேறு இருக்கிறது. ஸ்பிரிங் கடினமானால் புஷ்ராட் வளையும், கேமும் அதன்மேல் உரசும் டாப்பெட்டும் தேயும்.

6000-க்கு மேல் படபடவென்று சத்தம் வருவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு, இப்போது இருக்கும் ஸ்பிரிங்கின் நீளத்தை அதே வகைப் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புஷ்ராடைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். பவர்தான் வேண்டுமென்றால் போர்ட்டையும் (சிலிண்டருக்குள் காற்று போய்வரும் வழி) கார்ப்பரேட்டரையும் கவனியுங்கள், அப்புறம் கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எவ்வளவு அழுத்துகிறது என்பது).