பிக்கப் வண்டிக்கு ஆயில் ஃபில்டரை வீட்டு முற்றத்திலேயே மாற்றலாமா? லிஃப்ட் இல்லாமல் முடியுமா?

தாராளமாக முடியும். பிக்கப் தரையிலிருந்து உயரமாக நிற்கிற வண்டி, அடியில் சாக்கு விரித்துப் படுத்தாலே கை எட்டிவிடும். வாரண்டி இன்னும் இருந்தால் மட்டும் கம்பெனி சர்வீஸிலேயே விடுங்கள், பிறகு வீண் பேச்சு வேண்டாம்.

ஆனால் காசு மிச்சமாகும் என்று பெரிதாகக் கணக்குப் போடாதீர்கள். ஆயிலும் ஃபில்டரும் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். மிஞ்சுவது கூலி மட்டுமே. நான் இதைச் செய்வது, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறதே என்பதற்காக. நம் குமரி மாவட்டத்தில் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மீன் ஏற்றுகிற வண்டி என்றால் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் சேஸிஸ் வழியாக வடிந்துகொண்டே இருக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்றுகிறவர்களுக்குச் சேறு. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அடிப்பக்கம் காய நேரமே இருக்காது. எங்கள் வண்டி மீன் ஓட்டம். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் எஞ்சின் ஆயில் தேங்குகிற தொட்டியான ஆயில் சம்ப்பின் விளிம்பில் துரு செதில் செதிலாக உரியும். இதை ஒர்க்‌ஷாப் பில் சொல்லாது.

சரி, வேலைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்துங்கள். நம் ஊர் முற்றங்கள் பாதி சரிவு; சரிவில் நின்றால் பழைய ஆயில் முழுதும் வடியாது, ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கும் பொய் சொல்லும். ஹேண்ட் பிரேக் போட்டு டயருக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி வெதுவெதுப்பாக்கினால் ஆயில் இளகி இறங்கும். ஓடி வந்த சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும்.

பழைய ஆயிலை வடிக்கத் திறக்கிற சம்ப் போல்ட்டுக்குச் சரியான அளவு ரிங் ஸ்பானர் போடுங்கள். துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள், முனை மழுங்கினால் பிறகு பெரிய பாடு. திரும்ப மாட்டும்போது புது வாஷர்.

ஃபில்டர் முழுதாகத் திருகிக் கழற்றுகிற டப்பா மாதிரி என்றால் ஒரு இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பழையதைக் கழற்றியதும் அதன் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் அது எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நிற்கும், கறுப்பில் கறுப்பாக. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் தெரியும். அதன் மேலேயே புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். ஸ்டார்ட் பண்ணி அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, ஆயில் முழுவதும் வெளியே பீச்சிவிடும்.

புது வளையத்தில் விரலால் புது ஆயில் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் உட்கார்ந்ததும் இன்னும் முக்கால் சுற்று, அல்லது டப்பாவில் அச்சடித்திருக்கிற அளவு. ரெஞ்சு கழற்றுவதற்கு மட்டும். உள்ளே காகிதப் பகுதியை மட்டும் மாற்றுகிற வகை என்றால் பெட்டியில் வரும் ஓ-ரிங்கை மறக்காமல் மாற்றுங்கள்.

ஆயிலின் அளவும் கிரேடும் ஓனர் கையேட்டில் இருக்கும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற சைலன்சர் பக்க வடிகட்டி) உள்ள பிஎஸ் 6 டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். பழைய வண்டிக்கு ஊற்றியதையே இதற்கும் ஊற்றினால் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும். ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள், டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரட்டும். ஆயில் பிரஷர் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்கியதும் டிப் ஸ்டிக் பாருங்கள்.

‘ஆயிலை மட்டும் மாற்று, ஃபில்டர் அடுத்த தடவை போதும்’ என்பார்கள். கேட்காதீர்கள். ஃபில்டர் அடைத்தால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே எஞ்சினுக்குள் போகும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. புது ஆயில் சீக்கிரமே கறுத்துப்போனால் மட்டும் பயப்பட வேண்டாம், டீசலில் அது வெறும் புகைக்கரி.

பழைய ஆயிலைத் தென்னந்தூரிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். கிணறு வீட்டை ஒட்டியே இருக்கிற ஊர் நமது. 2016-ஆம் ஆண்டு அபாயகரமான கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயகரமான கழிவும்கூட. ஃபில்டரைக் கவிழ்த்து வைத்து ஓர் இரவு வடியவிட்டு, எல்லாவற்றையும் புது ஆயில் வந்த காலி கேனிலேயே நிரப்பி, பழைய ஆயில் பேரல் வைத்திருக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.